சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு சொட்டு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்:

1. எங்கள் அப்பாவின் கார் ஆயில் ஒழுகியது. மிகக் கொஞ்சமாக.

2. அது எங்கிருந்து ஒழுகுகிறது என்பதை, மெக்கானிக்கல் பட்டத்தின் துணையுடன், முறைப்படி கண்டுபிடித்தேன்.

3. கண்டுபிடித்த இடத்தை என் கையாலேயே சரிசெய்தேன்.

4. மறுநாள் அந்தக் காரிலிருந்த மொத்த ஆயிலும், மேளதாளத்துடன், சோழவந்தானில் என் அக்காவின் மாமனார் வீட்டு வாசலில் இறங்கியது.

5. சரிசெய்ததில்தான் தப்பு, கண்டுபிடித்ததில் தப்பே இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் நிரூபிக்க முயன்றேன்.

6. ஐந்தாவது வேலையைச் செய்திருக்கக் கூடாது.

இப்படி நம்பர் போட்டு எழுதுவது என் தொழில் வியாதி. மதுரைக்கு வெளியே, வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பழுதாகித் திரும்பி வரும் பாகம் ஏன் பழுதானது என்று கண்டுபிடித்து எழுதித் தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ("யாரு மேல தப்புன்னு எழுதிக் குடுக்குற வேல" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வாள். நான் சொல்லும் விளக்கத்தைவிட அது தெளிவாக இருப்பதால் திருத்தியதில்லை.)

கார் என்று நான் சொல்வது, நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளைக் காரை. வில்லாபுரத்தில் அப்பாவுக்கு ஒரு எலக்ட்ரிக் கடை உண்டு. கடையைவிட காரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். அது ஆயில் ஒழுகுவது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அப்பா அவ்வப்போது கொஞ்சம் ஊற்றுவார். கார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குக் கொடுக்கும். இருவருக்கும் இடையில் ஓர் உடன்பாடு. நான் பொறியியல் படித்த காலம் முழுக்க அந்தக் காருக்குப் பக்கத்தில்தான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாளும் குனிந்து பார்க்கத் தோன்றியதில்லை.

சிக்கல் அக்காவின் கல்யாணத்தோடு வந்தது. அக்காவின் மாமனாரை நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வாழ்நாள் முழுக்கச் சேற்றிலும் ஈரத்திலும் நின்று சம்பாதித்தவர் என்பதாலோ என்னவோ, புது வீடு கட்டியபோது வாசல் முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்தார். வண்டி நிறுத்தும் வாசலுக்கு வெள்ளை டைல்ஸ் போடுவது பற்றி எனக்குச் சில தொழில்நுட்பக் கருத்துகள் உண்டு. அவற்றைச் சொல்லும் தகுதியை இப்போது இழந்துவிட்டேன்.

அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது, எங்கள் கார் வாசலில் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம் வைத்துவிட்டு வந்தது. மாமா அதைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். அடுத்த முறை, நாங்கள் இறங்குவதற்குள் ஒரு காலி உரச்சாக்கைக் கொண்டு வந்து காருக்கு அடியில் தள்ளினார். "நீங்க உள்ள வாங்க சம்பந்தி, வண்டிய நான் பாத்துக்கிறேன்" என்றார், மிக மரியாதையாக. பொங்கலுக்குப் போனபோது சாக்கு எங்களுக்கு முன்பே அங்கே காத்திருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, சுருக்கமில்லாமல் விரித்திருந்தார்கள். மாமா அதன் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டி வழிகாட்டினார்.

"ஒடிச்சு வாங்க சம்பந்தி... இன்னும் கொஞ்சம் முன்னால... ஆங், இஞ்சினு சாக்குக்கு நேரா வந்துருச்சு. இப்ப எறங்குங்க."

தெருவே பார்த்தது. அப்பா இறங்கினார். அன்று அங்கே சாப்பிட்டார், சிரித்தார், வெற்றிலை போட்டார். திரும்பி வரும்போது சமயநல்லூர் தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு, "மாட்டுக்குக்கூட யாரும் சாக்கு விரிக்கிறதில்ல" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த இரண்டாவது மாதம் அக்கா மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்பது குழந்தையின் காதைப் பற்றிய விஷயமே இல்லை. தாய்மாமன் எப்படி வந்தான், எதில் வந்தான், பின்னால் எத்தனை சீர்த்தட்டு வந்தது என்பதைப் பற்றியது. காது குத்துகிற வேலை குழந்தை ஒருமுறை வீறிடுவதற்குள் முடிந்துவிடும். தாய்மாமன் வந்த கதையை அந்தக் குழந்தைக்குக் கல்யாணமாகும் வரை பேசுவார்கள். தாய்மாமன், என் தம்பி கார்த்தி. தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாமா வீடு வரை மேளம் முன்னால் போக, நடுவில் தாய்மாமன் காரில் வர, பின்னால் பெண்கள் சீர்த்தட்டுகளோடு நடந்து வருவது என்று முடிவாயிற்று.

வாடகைக்கு நல்ல கார் ஒன்று எடுத்துக்கொள்ளலாமே என்று தம்பி சொன்னான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். வாடகைக் காரில் போனால், ஒழுகுவதற்குப் பயந்து சொந்தக் காரை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வந்தார் என்றுதான் சம்பந்தி சொல்வார் என்பது அவர் கணக்கு. அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாமா அதைத்தான் சொல்லியிருப்பார்.

"அந்த வாசல்ல ஒரு சொட்டு விழாம நம்ம கார நிப்பாட்டணும்த்தா" என்றார் அப்பா என்னிடம். "அம்புட்டுத்தான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

தெருக்கோடி மெக்கானிக்கிடம் முதலில் காட்டினோம். அவர் பானெட்டைத் திறக்காமலேயே, சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு, இஞ்சினைக் கீழே இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். இதற்கு முன் எங்கள் காரின் ஹாரன் வேலை செய்யாதபோதும் அவர் இதையேதான் சொன்னார்.

அப்போதுதான் நான் முன்வந்தேன். யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு முறை இருந்தது. அது நல்ல முறை, அதில் குறையே இல்லை. பழைய இஞ்சின் முழுக்க எண்ணெயும் தூசியும் அப்பியிருக்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எனவே முதலில் இஞ்சினைச் சுத்தமாகக் கழுவிக் காய வைக்க வேண்டும். பிறகு அதன் மேல் முகப்பவுடரைத் தூவ வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தால், எண்ணெய் கசிகிற இடத்தில் மட்டும் வெள்ளைப் பவுடர் நனைந்து பழுப்பாகியிருக்கும். கண்டுபிடித்தாயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் பழைய பல்துலக்கிகளும் வைத்துக்கொண்டு இஞ்சினைத் தேய்த்தேன். அதற்கு வெள்ளி நிறம் என்று அன்றைக்குத்தான் எங்கள் குடும்பத்துக்கே தெரிந்தது. அப்பா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டிதான?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள், வெள்ளிக்கிழமை, எனக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. காலையில் அக்கா மகனுக்காக வாங்கி வைத்திருந்த குழந்தைப் பவுடர் டப்பாவை எடுத்து இஞ்சின் மேல் ஒரே சீராகத் தூவினேன். கார் முழுக்கக் கைக்குழந்தை வாசனை. அதற்குள் அலுவலகக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால், பானெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்து வந்தபோது தம்பி பானெட்டை மூடிவிட்டு, வண்டிக்குள் தயாராக உட்கார்ந்திருந்தான். பசுமலை வரை போய்த் திரும்பி வந்தோம். வழியெல்லாம் அவன் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காதுகுத்துக்குப் பட்டுச் சட்டை மஞ்சளா ரோஸா என்பதிலேயே அவன் கவலை இருந்தது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கினேன்.

பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அடக்கமாகச் சொல்வது கடினம். இஞ்சின் முழுவதும் வெள்ளை வெளேர் என்று காய்ந்திருந்தது. ஒரே ஒரு இடம் தவிர. முன்பக்கம் கீழே ஆயில் ஃபில்டர் இருக்கும். ஆயிலை வடிகட்டுகிற பாகம் அது. கறுப்பாக, உருண்டையாக, கையில் அடங்கும் அளவில் ஒரு டப்பா. அதன் மேல் மூன்று இடத்தில் பவுடர் நனைந்து, பழுப்பு நிறத்தில் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. மூன்று கோடுகளும் சம இடைவெளியில் இருந்தன. ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம் மூன்று இடத்தில் ஒரே மாதிரி விட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்தேன். ஒரு ரப்பர் வளையம் எதற்காக அவ்வளவு ஒழுங்காகப் பழுதாக வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இயற்கையில் ஓர் ஒழுங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். லேசாக ஒரு வாசனையும் வந்தது. பவுடர் என்று நினைத்தேன்.

போட்டோ எடுத்தேன். மூன்று கோட்டையும் சிவப்பு வட்டத்துக்குள் அடைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பரும் போட்டேன். இஞ்சினுக்குப் பின்பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் கண்டுபிடித்த பிறகும் தேடிக்கொண்டிருப்பது படிக்காதவர்கள் செய்கிற வேலை என்பது அப்போது என் கொள்கை. அப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடி போடாமலேயே பார்த்து, "மூணு எடத்துலயா" என்று வருத்தப்பட்டார்.

சனிக்கிழமை புது ஃபில்டர் வாங்கி வந்தேன். பழையது பல வருடமாக வெந்து இறுகிப்போயிருந்தது. நானும் தம்பியும் மாறி மாறித் தொங்கிய பிறகு கழன்று வந்தது. ஃபில்டர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்பது விதி. துடைத்தேன். அங்கே வட்டமாக, கறுப்பாக, கொஞ்சம் மேடாக ஒரு விளிம்பு இருந்தது. இஞ்சினின் வேலைப்பாடு என்று நினைத்து அதையும் நன்றாகத் துடைத்து, பளபளப்பாக்கி, மேலே புது ஆயிலும் தடவினேன். (அது இஞ்சினின் வேலைப்பாடு இல்லை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம். ஃபில்டர் கழன்று வந்தபோது அது மட்டும் வராமல் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்திருந்தால் வளையம் இல்லாதது தெரிந்திருக்கும். அது அதற்குள் குப்பைக்குப் போயிருந்தது.) அதன் மேல் புது ஃபில்டரை அதன் சொந்த வளையத்தோடு வைத்து முறுக்கினேன். ஒரு வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று, எண்ணெய் தடவி.

புது ஆயில் ஊற்றி, காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, இஞ்சினை ஓட விட்டேன். ஒரு சொட்டு விழவில்லை. அப்பா முட்டி போட்டுக் குனிந்து அட்டையைப் பார்த்தார். எழுந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அந்த மாதிரி ஒரு வெளிச்சத்தை நான் பரீட்சை எதிலும் வாங்கித் தந்ததில்லை. நேராகப் போனை எடுத்துச் சோழவந்தானுக்குப் போட்டார்.

"சம்பந்தி, நாளைக்குச் சாக்கெல்லாம் வேணாம். எம் மக சரி பண்ணிப்புட்டா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. அப்பா போனை வைத்துவிட்டு, அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோழவந்தானுக்குக் காரை ஓட்டியது நான். சரிசெய்தவள் நான் என்பதால் அந்தப் பெருமையும் எனக்கே என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். பிள்ளையார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி, தட்டுகளை இறக்கி, பூவைப் பிரித்து, எண்ணி, குறைந்த தட்டுக்கு வாழைப்பழம் வாங்க ஆள் அனுப்பி, எல்லாம் முடிவதற்குள் இஞ்சின் ஆறிவிட்டது. முன்சீட்டில் தம்பி ரோஸ் பட்டுச் சட்டையில் மாலையோடு உட்கார்ந்தான். பின்சீட்டில் அப்பா. அம்மா தட்டோடு பின்னால் நடந்து வந்தாள். மேளக்காரர்கள் தொடங்கினார்கள். நான் வண்டியைக் கிளப்பி, ஒரு கெத்துக்காக ஆக்ஸிலரேட்டரை நன்றாகவே மிதித்தேன்.

ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும். அதை அப்படி மிதித்து அழுத்தினால் இரண்டு வளையத்தில் ஒன்று பிதுங்கிக்கொண்டு வெளியே வரும் என்று இப்போது என்னால் படம் வரைந்தே காட்ட முடியும். அப்போது நான் மேளத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

பாதித் தெரு போயிருப்போம். தம்பிதான் முதலில் பார்த்தான்.

"சின்னக்கா, இந்தச் செவப்பு லைட்டு எப்பவும் எரியுமா?"

எரியாது. அது எரிந்தால் இஞ்சினில் ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். அந்த நொடியே இஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்தேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

"என்னாத்தா?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

"ஆயில் போயிருச்சுப்பா."

"எங்க போச்சு?"

கண்ணாடியில் பார்த்தேன். காருக்குப் பின்னால், தெரு நடுவே, கோயிலிலிருந்து எங்களைத் தொடர்ந்து ஒரு கறுப்புக் கோடு பளபளவென்று வந்துகொண்டிருந்தது. சீர் கொண்டு வந்த பெண்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகப் பிரிந்து, பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ரோட்டுலப்பா" என்றேன்.

முன்னால் போன மேளக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் இறங்கி, தம்பியை நடந்து போகச் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள், மாமா வீட்டுப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஓடி வந்து, சீர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது, தாய்மாமன் பாதியில் இறங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஏழெட்டு இளவட்டங்கள் காருக்குப் பின்னால் வந்து கை வைத்தார்கள். எங்கள் வீட்டுத் தாய்மாமனை, எங்கள் காரில் வைத்து, சம்பந்தி வீட்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி கையைக் கூப்பி இரண்டு பக்கமும் வணக்கம் வைத்துக்கொண்டே வந்தான். அவனுக்கு அது இன்னும் கெத்தாக இருந்ததாகப் பிறகு சொன்னான்.

மாமா வீட்டு வாசலுக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும் என்று நான் பிரேக்கை மிதித்தேன். மேடு ஏறுகிறது என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகத் தள்ளினார்கள். "பிரேக்க விடுக்கா" என்று ஒருவன் கத்தினான். பழைய காரின் பிரேக்கைவிடச் சோழவந்தான் இளவட்டங்கள் பலசாலிகள். கார் வாசலுக்குள் ஏறி, வெள்ளை டைல்ஸின் நட்ட நடுவில் போய் நின்றது. இஞ்சினில் மிச்சமிருந்த ஆயில் அங்கே நிதானமாக இறங்கியது. முதலில் தட்டு அளவுக்கு. பிறகு தாம்பாளம் அளவுக்கு. பிறகு நான் பார்க்கவில்லை.

மேளம் நின்றது. மாமா, வெள்ளை வேட்டி சட்டையில், வரவேற்கக் கூப்பிய கையோடு நின்றிருந்தார். காரையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். அப்பா கதவைத் திறந்து, கால் வைக்க இடம் தேடி, இல்லாமல், காலை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

"நீங்கதான் சாக்கு வேணாம்னு சொன்னீங்க சம்பந்தி" என்றார் மாமா.

அத்தனை பேருக்கு முன்னால், புதுப் பட்டுச்சேலையோடு, நான் பானெட்டைத் திறந்தேன். ஒரு பழந்துணியை வாங்கிப் பிடித்து ஃபில்டரைக் கழற்றினேன். இரண்டு வளையங்களும் கையோடு வந்தன. ஒன்று பாதி பிதுங்கித் தொங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. ஒத்துக்கொண்டேன். பழைய வளையத்தை எடுக்காமல் விட்டது என் தவறுதான் என்று தெளிவாகச் சொன்னேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு சாதாரண விபத்தாக முடிந்திருக்கும். ஆனால் தரக்கட்டுப்பாட்டுக்காரிக்கு ஒரு மானம் இருக்கிறது.

"மாட்டுனதுலதான் தப்பு மாமா. ஒழுகுன எடத்த நான் கரெக்டாத்தான் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லி, போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினேன். சிவப்பு வட்டம், ஒன்று, இரண்டு, மூன்று. மாமா குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இது நான் வச்ச சந்தனம்லடி" என்றாள்.

நான் போனைத் திருப்பி வாங்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வாரேன், நீ பானெட்டத் தொறந்து வச்சு இஞ்சின் பூராவும் திருநீறு பூசி வச்சிருக்க. என் மகளுக்கும் பக்தி வந்துருச்சேன்னு நெஞ்சே குளுந்துபோச்சு. நம்ம பங்குக்குப் பன்னீர் ஊத்திக் கொழச்சு மூணு பொட்டு வச்சேன். குங்குமம் வச்சா நீ தொடச்சிருவேன்னுதான் சந்தனத்தோட விட்டேன்."

"அந்த டப்பாவுல எதுக்கு மதினி வச்சீங்க?" என்று கேட்டார் மாமா, குரல் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"அது ஒண்ணுதான் உள்ள கலசம் மாதிரி இருந்துச்சு" என்றாள் அம்மா.

மாமா மெதுவாக நடந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அது போதவில்லை. அவர் அப்படிச் சிரித்து, கல்யாணமாகி வந்ததிலிருந்து தான் பார்த்ததில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். பந்தலில் இருந்தவர்களுக்கு யாரோ விஷயத்தை எடுத்துச் சொல்ல, சிரிப்பு அலை அலையாக உள்ளே போய், கடைசியில் சமையல்காரர்கள் வரை எட்டியது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த எடத்துல ஒழுகவே இல்லயா?"

"இல்லப்பா."

"ஒழுகாத எடத்தக் கழட்டி ஒழுக விட்டிருக்க."

"ஆமாப்பா."

அவர் தலையாட்டினார். காரிலிருந்து இறங்கினார், ஆயிலிலேயே. தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து, வேட்டியை மடித்துக்கொண்டு, அந்தத் தரையைத் துடைக்கக் குனிந்தார். அதுவரை நான் அவமானப்பட்டதாக நினைத்ததெல்லாம் அவமானமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து வந்த வேகத்தில் வழுக்கியிருப்பார். அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"விடுங்க சம்பந்தி. இந்தத் தெருவுல எத்தனயோ தாய்மாமன் சீரு வந்துருக்கு. ரோட்டுல கோடு போட்டுக்கிட்டு வந்தது நம்ம வீட்டுக்குத்தான்."

"நம்ம வீடு" என்று அவர் சொன்னதை அப்பா கவனித்தார். கொடிக்காலுக்கு என்று குவித்து வைத்திருந்த மணலை மாமாவே ஒரு சட்டியில் அள்ளி வந்து கொட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் அள்ளினார்கள். மணல் விரித்த வாசலில், வெயிலில் ஊறும் ஆயில் வாசனையில், தம்பி மடியில் வைத்து அக்கா மகனுக்குக் காது குத்தினார்கள். அவன் அழுதான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரை ஒரு சரக்கு வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தோம், அதன் ஸ்டியரிங்கில் தம்பி. வேனின் முன்சீட்டில் அப்பாவும் நானும். காளவாசல் சிக்னலில் நின்றபோது அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஒரு சொட்டு விழக் கூடாதுன்னுதானத்தா சொன்னேன்" என்றார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "சொட்டா விழல."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து திரும்பினேன். அழவில்லை.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அக்கா மகன் கன்னத்தில் தடிப்பு என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால், "சந்தனமா இருக்கப் போகுது, நல்லாப் பாக்கச் சொல்லு" என்று மாமா போனில் சொல்வார். தம்பிக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தபோதும் அதே. எனக்கு அலுவலகத்தில் பதவி உயர்வு வந்த செய்தியைச் சொன்னதும், "அம்மாவக் கேட்டுட்டுக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். அவர் வாசலில் டைல்ஸ் இடுக்குகளில் இறங்கிய கறுப்பு போகவே இல்லை. மாற்றலாம் என்று அத்தான் சொன்னால் மாமா விடுவதில்லை. வெற்றிலை வாங்க வரும் வியாபாரிகளை அங்கே நிறுத்தி வைத்து, இஞ்சினியர் மருமகள் (அதாவது நான்) கதையை முதலிலிருந்து சொல்கிறார். போன மாதம் அவர் சொல்லக் கேட்டபோது கறுப்புக் கோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கியிருந்தது.

இப்போதைய நிலவரம் இதுதான். புது ஃபில்டர் ஒற்றை வளையத்தோடு மாட்டப்பட்டு, கார் நன்றாக ஓடுகிறது. பழைய ஒழுகல் அப்படியே இருக்கிறது. அது இஞ்சினின் மேல்மூடிக்குப் பின்பக்கம், கேஸ்கட் என்கிற அடைப்பு ரப்பர் இறுகிப்போன இடத்திலிருந்து வருகிறது; இந்த முறை பின்பக்கமும் எட்டிப் பார்த்து, வீட்டில் சந்தனம் வைத்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்து, உறுதி செய்துவிட்டேன். மாற்றுவது அரைமணி நேர வேலை. பானெட்டைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.